திங்கட்கிழமையிலும் மூச்சு முட்டாத ஒருத்தி

என் பெயரில் அச்சான மருத்துவக் கட்டுரைகள் கொஞ்சநஞ்சமல்ல. உலகம் திரும்பிப் பார்த்தது ஒன்றைத்தான். அதிலும் ஒரே ஒரு பத்தியைத்தான். அந்தப் பத்தி என் அக்காவைப் பற்றியது. அது பொய்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு, திருப்பூரில் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஒரு ஜின்னிங் ஃபேக்டரியில் பஞ்சு அள்ளித்தான் அக்கா என்னை டாக்டராக்கினாள். அறுபதுகளில் நான் சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது பஞ்சுத் தூசியையும் நுரையீரலையும் எடுத்துக்கொண்டதற்கு அவள் இருமல்தான் காரணம். வேலையை விடச் சொன்னால் கேட்கமாட்டாள். "சும்மா ஊட்டுல உக்காந்து என்னத்தப் பண்றது கண்ணு?" என்பாள்.

ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சை அடைக்கும். அடுத்தடுத்த நாட்களில் குறையும். பஞ்சு நோயின் குணம் அது. அக்காவுக்கும் அப்படித்தான். ஏன் என்று ஒருமுறை கேட்டாள்.

"ஒரு நாள் லீவு உட்டா தூசி பழக்கம் போயிருதுங்கக்கா. மறுநாள் போனா நெஞ்சு தாங்கறதில்லீங்க" என்றேன். மேலே ஏதோ கேட்க வந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஆண்டு, மூச்சை ஊதிப் பார்க்கும் மீட்டரோடு அந்த ஃபேக்டரிக்கே வந்தேன். திங்கட்கிழமை காலையிலும் சாயங்காலமும் எல்லாரையும் ஊதச் சொல்லிக் குறித்தேன். சாயங்காலம் எல்லாருக்கும் முள் இறங்கியது, அக்காவுக்கு மட்டும் இறங்கவில்லை. காலையிலேயே அவளுக்குக் குறைவுதான். அதை வயது என்று தள்ளிவிட்டேன்.

"இப்பெல்லாம் திங்கக்கெழம நெஞ்சடைக்குதுங்களாக்கா?"

"இல்ல கண்ணு. இப்பப் பரவால்ல."

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீண்ட நாள் போனால் சிலருடைய நுரையீரல் தூசியைத் தாங்கப் பழகிவிடும் என்று எழுதினேன். அதற்குச் சாட்சியாக, பெயர் சொல்லாமல் ஒரு பெண் தொழிலாளியைக் காட்டினேன்.

வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் அது வந்தது. பிரதி கேட்டு எங்கெங்கிருந்தோ தபால் அட்டைகள் வந்தன. பிறகு ஒரு பெரிய ஆராய்ச்சியாளர் தம் கட்டுரையில் என் பத்தியை மேற்கோள் காட்டினார். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அக்காவிடம் காட்டவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது.

"அக்கா மில்லுக்குப் போயிருக்குதுங்க" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். "நாலு வருசமா ஞாயித்துக்கெழமயும் தவறாமப் போவுதுங்களே. உங்குளுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. தொழிலாளிகளிடம் கேட்க நாலு பக்கத்துக்குக் கேள்விப் பட்டியல் அடித்தவன் அதை மட்டும் கேட்கவில்லை.

ஃபேக்டரிக் கிடங்கில் அக்கா பஞ்சுத் தூசியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். புருவமெல்லாம் வெள்ளை. என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"நீதான கண்ணு சொன்ன, லீவு உட்டாத்தான் நெஞ்சடைக்கும்னு? அதான் நானு லீவே உடறதில்ல."

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். எனக்கு ஆயிரம் பேர் தேவைப்படவில்லை. அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திச் சென்னைக்கு அழைத்துப் போனேன். முதுகில் குழாயை வைத்து நிதானமாகக் கேட்டது அப்போதுதான். நுரையீரலில் மிச்சம் அதிகம் இல்லை. அவள் திரும்பிப் பார்க்குமுன் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். ஒரு மூலையில் நாலு வரியாகப் போட்டார்கள். அதைக் கேட்டு ஓர் அட்டைகூட வரவில்லை. பழைய பத்தியை மட்டும் ஒருவர் மாற்றி ஒருவர் மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பதவி உயர்வும் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் அது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்காவால் படுக்க முடியவில்லை. தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். கடைசி மாதத்தில் ஒரு நாள், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது.

"உன்னயக் குத்தஞ் சொல்லல கண்ணு. நீ சொன்னதக் கேட்ட வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். மில்ல உட்டு நின்னதுனாலதான இப்படியாச்சு? என்னய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரு. வேலைக்குப் போனாச் சரியாயிரும்."

"சரிங்கக்கா" என்றேன்.