கையை வீசாமல் ஒரு பட்டை

"…பின்னால கூடையே இல்லையே, அப்புறம் யாருக்கு புள்ள வீசுற?" என்றார் அண்ணி, கன்னத்தில் தெறித்த நீலத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே.

அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே அடுத்த காம்பராவில் இருக்கிறார். அவர் கேட்டது நியாயம்தான். கொழுந்து பறிக்கிறவளுக்குக் கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்பக்கம் வீசத்தான் தெரியும். திரும்பிப் பார்க்க மாட்டோம். கூடை எங்கே இருக்கிறது என்பது கண்ணைவிடக் கைக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கையில் இப்போது தூரிகை. காகிதத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு நிறப்பட்டை இழுத்து முடித்ததும் மணிக்கட்டு தானாகத் திரும்பி, மிச்ச நிறத்தைப் பின்னால் எறிந்துவிடும்.

கைப்பேசியில் பார்த்துப் பார்த்து நானாகப் பழகிய வித்தை இது. வீட்டுக்குள் கிடக்கும்வரை யாருக்கும் தொந்தரவில்லை. அப்புத்தளையில் ஒரு விடுதி, மழை நாட்களில் விருந்தாளிகளோடு உட்கார்ந்து நீர்வண்ணத்தின் முதல் பாடங்களைக் காட்டித்தர ஓர் ஆள் தேடியது. ஞாயிற்றுக்கிழமை வந்து வரைந்து காட்டச் சொன்னார்கள். என் வலது முழங்கால் அப்போது பலாப்பிஞ்சு மாதிரி புடைத்திருந்தது. சரிவில் ஏறி இறங்கக் கூடாது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். விடுதியில் வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நிற்கவேண்டும். பேர் கொடுத்தால் மேல்மலைதான், சரிவுதான்.

அந்த வாரம் முழுக்கப் பழகினேன். பலகையைக் கொஞ்சம் சாய்த்துவைத்து ஒரு பட்டை இழுத்தால், அதன் கீழ் ஓரத்தில் நிறத்தண்ணீர் பாசிமணி கோத்த மாதிரி தேங்கி நிற்கும். அது காய்வதற்குள் அடுத்த பட்டை அதைத் தொட்டுக்கொண்டு போகவேண்டும். தயங்கினால் கோடு விழும். திரும்பிப்போய்த் திருத்தினால் திட்டு விழும். கையை வீசினாலோ பின்னாலிருப்பவர் முகத்தில் விழும்.

"கால்ல ஏறுன அட்டைக்கு உப்பு வைக்கிற மாதிரி பயந்து பயந்து தொடாத. தொட்டா போயிரணும்" என்பார் அண்ணி. இன்னொரு நாள், "படம் வரைஞ்சு யாரு புள்ள சோறு தின்னா?" என்பார். இரண்டையும் ஒரே வாய்தான் சொல்லும். கடைசியில் அவரே தன் கூடையைக் கொண்டுவந்து, கயிற்றை என் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுப் பார்த்தார். "எறியறத அதுலயே எறி!" கூடையைக் கண்ட கைக்குக் குஷி கூடிவிட்டது. அன்று கூரைத்தகரம் வரை நீலம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் கூடவே ரயிலேறினார். தீபாவளிக்கு எடுத்த சந்தன நிறச் சேலை. "ஒன்ன அங்க தனியா விட்டா வாயாலயே வேலைய கெடுத்துருவ" என்றார்.

விடுதிக்கார அம்மா மென்மையாகப் பேசினார், ஆனால் சிரிக்கவில்லை. வெளிச்சத்துக்காக ஜன்னலைப் பார்க்க என்னை உட்கார வைத்தார். "ஒரே தாள்தான். மேலேயிருந்து கீழவரைக்கும் ஒரே நீலம். கோடு விழாம செய்ங்க."

உட்காரும்போதுதான் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், அவர் வரைந்த மலைப்படம் சுவரில் தொங்கியது. மேலே கண்ணாடி இல்லை. ஒரு சொட்டு பட்டால் போதும்.

முதல் பட்டை இழுத்தேன். ஓரத்துக்கு வந்ததும் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். கை வீசவில்லை, ஆனால் வேகம் குறைந்தது. இரண்டாவது பட்டை இன்னும் மெதுவாகப் போனது. மூன்றாவதில் ஓரத்தில் நின்றே போனேன். தேங்கிய நீரின் பளபளப்பு மங்கத் தொடங்கியது. கையை அடக்கினால் கோடு விழும், விட்டால் அந்த அம்மாவின் படம் போகும். வெளியே பனி ஜன்னலை மூடியது. தூரிகை நுனியில் ஒரு சொட்டு ஆடிக்கொண்டிருந்தது.

பின்னால் பலகைத்தரை கிறீச்சிட்டது.

"நீ இழுத்துட்டே போ புள்ள, நான் நிக்கிறேன்" என்றார் அண்ணி, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

திரும்பிப் பார்க்கவில்லை. கையை விட்டுவிட்டேன். பட்டை பட்டையாக நீலம் இறங்கியது. ஒவ்வொரு ஓரத்திலும் கை தன் இஷ்டத்துக்கு வீசியது. பின்னால் சேலையில் பட் பட்டென்று விழும் சத்தம் கேட்டது. கடைசியில் அடியில் தேங்கியதை பிழிந்த தூரிகையால் ஒற்றி எடுத்தேன்.

விடுதிக்கார அம்மா பலகையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். நீலத்தில் எங்கும் கோடில்லை. பிறகு என்னைத் தாண்டிப் பார்த்தார். படத்தை மறைத்து நின்ற அண்ணி, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். சந்தனம் முழுக்க நீலப்புள்ளி.

என் முழங்கால் விண் விண்ணென்று தெறித்தது.

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஆமாங்கம்மா. கொழுந்துக் கை. பழக்கத்த மாத்தப் பாக்குறேன், இன்னும் வரல."

அவர் தன் படத்தைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "ஒங்களுக்குப் பின்னால ஒண்ணும் மாட்டக் கூடாது, யாரையும் உட்கார வைக்கவும் கூடாது. மூலையில இடம் போட்டா சரியா வரும். நாளைக்கே வர முடியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்தானையை உதறி இடுப்பில் செருகினார். "எந்திரி புள்ள" என்று என்னை எழுப்பி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வெறுஞ்சுவர் மூலையில் போட்டார்.