முத்திரையார் ஆண்பூ கேட்கப் போனது

மழை பிடித்த முதல் நாள் முத்திரையார் மகிழ்ந்தார். மூன்றாம் நாள் பொறுத்துக்கொண்டார். பத்தாம் நாள் முதல் வானத்தை ஏறிட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டார், பேச்சுவார்த்தை அற்றுப்போன உறவினரைக் கடைத்தெருவில் கண்டவரைப் போல. இருபத்தெட்டாம் நாளில், கார்காலத்தின் அழகைப் பற்றி இதுவரை எவரெவர் என்னென்ன புகழ்ந்திருந்தாலும் அவர்களில் ஒருவர்கூடக் கத்தரிச் செடி வைத்தவராக இருந்திருக்க முடியாது என்னும் முடிவுக்கு வந்தார்.

எடையளவு அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக அவருக்கு வேலை. கடை கடையாகச் சென்று தராசுகளைச் சோதிப்பதும், எடைக்கற்களை நிறுத்துப் பார்த்துப் பிழையற்றவற்றின் மீது முத்திரை குத்துவதும் அவர் தொழில். ஆகவே தெருவார் இட்ட பெயர் முத்திரையார். பெற்றோர் இட்ட பெயரை வீட்டு வரி ரசீது மட்டுமே இன்னும் வழங்கி வந்தது.

வீட்டின் பின்புறம் இருபதடி நீளமும் பன்னிரண்டடி அகலமுமாக ஒரு தோட்டம். அதில் இன்ன செடிக்கும் இன்ன செடிக்கும் இடையே இத்தனை விரற்கடை என்று கயிறு பிடித்து நட்டிருந்தார். மழை அந்தக் கயிற்றை மதிக்கவில்லை. முதலில் தக்காளி அழுகியது. பிறகு மிளகாய் இலை சுருண்டது. கத்தரி நின்றபடியே வேரற்றுப்போய், தொட்டதும் சாய்ந்தது. வீட்டிலிருந்த நான்கு குடைகளில் மூன்றை அவர் செடிகளுக்குப் பிடித்துக் கட்டிவிட்டமையால், வங்கியில் வேலை பார்க்கும் மகள் நான்காவதைக் காலை எட்டு மணிக்கே கைப்பற்றிக்கொண்டு ஓட, மனைவி தலையில் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போனாள். தோட்டம் வைத்திருப்பவர் வீட்டிலிருந்து ஏன் காய்கறி வாங்க வருகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டதை அவள் கணவரிடம் தவறாமல் வந்து சொன்னாள்.

கத்தரியும் மிளகாயும் போனதை முத்திரையார் தாங்கிக்கொண்டார். அவர் உயிர் சுரையில் இருந்தது.

அது நெடுங்கழுத்துச் சுரை. முழங்கை நீளத்துக்குக் கழுத்து, அதன் கீழே செம்பு போன்ற தலை, இளங்குருத்தின் நிறம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சோதனைக்குப் போன இடத்தில், ஒரு காய்கறிக் கடையின் மூலையில் முற்றிக் கிடந்த ஒரு காயைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். கடைக்காரர் சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது கையூட்டாகிவிடும் என்று விலை கொடுத்து வாங்கி, ரசீதும் கேட்டு, கடைக்காரரை அன்று முழுதும் கலங்கவைத்தார். அன்று முதல் ஆண்டுதோறும் ஒரு காயைக் கொடியிலேயே முற்றவிடுவார். மனைவி அதை உடைத்து விதைகளைத் தட்டில் கொண்டுவந்து வைப்பாள். முத்திரையார் எண்ணுவார், அவற்றுள் சிறந்த இருபதைப் பொறுக்கி வைத்துக்கொள்வார், எஞ்சியவற்றைத் தம் கையாலேயே அடுப்பிலிடுவார். அயலார் கைக்கு ஒன்றும் போகலாகாது. எவன் எவனோ கண்ட சுரையோடு சேர்த்து வளர்த்து அதன் கழுத்தைக் கெடுத்துவிடுவான் என்பது அவர் அச்சம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், வாய்விட்டு இரண்டு விதை கேட்டார். அடுத்த தெருவில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் அவர். பழைய டயர்களில் மண்ணை நிரப்பி, கையில் கிடைத்ததை எறிந்து, முளைத்ததைத் தின்பவர். "டயர் மண்ணுக்கு இந்த விதை தாங்காது" என்று எல்லார் முன்னிலையிலும் முத்திரையார் சொல்லிவிட்டார். சகலை சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு வழக்கமான நீளத்துக்கு வரவில்லை.

இவ்வாண்டு ஊன்றிய இருபதில் பத்தொன்பது கொடிகளை மழை கொண்டுபோனது. மிஞ்சியது ஒன்று. அதில் ஒரு காயாவது பிடித்து முற்றினால் விதை உண்டு. இல்லையேல் ஒன்பதாண்டு வம்சம் அதோடு அற்றது. முத்திரையார் அந்தக் கொடிக்குத் தம் அலுவலக மூளை முழுவதையும் செலவிட்டார். வேர் நலிந்த கொடி காயாகாத ஆண்பூக்களைப் பூத்துச் சத்தை வீணாக்கலாமா? பெண்பூ வர இன்னும் பன்னிரண்டு நாளாகும். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்து ஆண்பூக்களை விட்டுவைத்தால் போதும். இப்படிக் கணக்கிட்டு, நாள்தோறும் மாலையில் கத்தரிக்கோலோடு போய், கள்ள எடைக்கற்களைப் பறிமுதல் செய்யும் கண்டிப்போடு ஆண்மொட்டுகளை நறுக்கி வந்தார். சாகக் கிடக்கும் கொடி அவருடைய நாட்காட்டியைப் பார்க்கவில்லை. நாலே நாளில், அவசர அவசரமாக, ஒரு பெண்மொட்டை ஈன்றது.

அதை முதலில் கண்டவள் மனைவி. சனிக்கிழமை காலை அது. பிஞ்சைச் சுமந்த அந்த மொட்டு அன்று மாலையே விரியும் என்பது பார்த்தாலே தெரிந்தது. கொடியின் நுனி மஞ்சளாகிவிட்டதால் இன்னொன்று வரும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை.

"ஆம்பளப் பூவெல்லாம் எங்கங்க?" என்றாள்.

"கிள்ளிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"சத்து வீணாகுதேன்னுதான்..."

அவள் மழையைச் சற்று நேரம் பார்த்தாள். "நல்லவேளை, நமக்குப் பையன் பொறக்கல."

பிறகு அவளே வழியும் சொன்னாள். தங்கை வீட்டில் சுரைக்கொடி நன்றாக நிற்கிறதாம். போய் ஓர் ஆண்பூ கேட்டு வாங்கி வந்தால் ஆயிற்று. முத்திரையாருக்கு அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் கூசியது. தாம் விதை தர மறுத்த வீட்டில் பூ கேட்பதாவது. அதுவும் சகலை வீட்டில் இருப்பது சந்தையில் விற்கும் உருண்டைச் சுரையாகத்தான் இருக்கும். அதன் மகரந்தம் கலந்தால் அடுத்த தலைமுறைக்குக் கழுத்தே இராது. இதையெல்லாம் அவர் நெடுநேரம் விளக்கினார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"மொதல்ல போய்ப் பாருங்க."

"நீ போயேன். உன் தங்கச்சிதானே."

"எனக்குக் கால் வலி" என்றாள். அந்தக் கால் காலையில் மாடிப்படியைப் பத்து முறை ஏறி இறங்கிய கால்.

பகல் முழுவதும் முத்திரையார் தாழ்வாரத்துக்கும் தோட்டத்துக்குமாக நடந்தார். பாதி வம்சமாவது மிஞ்சட்டும் என்று ஐந்து மணிக்கு மனம் இறங்கினார். இறந்துபோன மிளகாய்ச் செடியிடமிருந்து குடையை விடுவித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கணுக்கால் நீரில் இறங்கினார்.

பஞ்சர் கடையில் டியூபை அமுக்கிக் குமிழி பார்க்கும் தொட்டி ஒன்று உண்டு. தெருவே தொட்டியாகிவிட்டபடியால் சகலை வாசலில் குந்தி, தெரு நீரிலேயே டியூபை அமுக்கிக்கொண்டிருந்தார். முத்திரையாரைக் கண்டதும் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

பெண் கேட்கப் போனவர் எடுத்த எடுப்பில் பெண் கேட்பதில்லை. முத்திரையார் மழையைப் பற்றிப் பேசினார். சாலைகளைப் பற்றிப் பேசினார். ஈரத்தில் ரப்பரின் நிலை என்னவாகும் என்று விசாரித்து, அதற்கு வந்த விடையைக் காதில் வாங்காமலே தலையாட்டினார். ஒளி மங்கிக்கொண்டே வந்தது. வீட்டில் அந்த மொட்டு இதழ் நெகிழத் தொடங்கியிருக்கும் என்று எண்ணியபோது அவர் மானம் சற்றே வழிவிட்டது.

"உங்க வீட்டுல... சுரைப்பூ இருக்குமா? ஆம்பளப் பூ. ஒண்ணு போதும்."

"பூ என்னண்ணே, வாங்க, தோட்டத்தயே பாருங்க" என்று சகலை அவரைக் கடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். முத்திரையார் அந்த வீட்டின் முன்னறையைத் தாண்டி இதுவரை சென்றவரல்லர். அவருடைய தகுதி அதற்கு இடம் தந்ததில்லை.

பின்புறம் சாய்வாக இறங்கிய தகரக் கூரையின் மீது கொடி படர்ந்திருந்தது. சாய்வில் நீர் நிற்கவில்லை. டயரின் அடியில் மண் வடிந்துகொண்டே இருந்தது. கூரை விளிம்பிலிருந்து வரிசையாக ஏழு காய்கள் தொங்கின. முழங்கை நீளக் கழுத்து. செம்பு போன்ற தலை. தாம் குத்திய முத்திரையை எந்தக் கல்லில் கண்டாலும் அறிந்துகொள்பவர், தம் சுரையை அறியாமலிருப்பாரா?

கொழுந்தியாள் சமையலறை வாயிலில் நின்றிருந்தாள். அவர் பார்வை காயிலிருந்து தன் பக்கம் திரும்பியதைக் கண்டாள். "காபி கலக்குறேன் அத்தான்" என்று முணுமுணுத்து உள்ளே மறைந்தாள்; அதன்பின் அவளும் வரவில்லை, காபியும் வரவில்லை.

முத்திரையாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தட்டில் வந்த விதைகளை அவர் எண்ணினார். காயை உடைத்தவள் தட்டுக்கு எத்தனை அனுப்பினாள் என்பதை அவர் ஒருநாளும் எண்ணவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாகப் பிறர் தராசுகளில் கண்டுபிடித்த அதே களவு, தம் அடுப்படியில். சினம் உள்ளங்காலிலிருந்து புறப்பட்டு மேலேறி, வாய்க்கு வந்து சேர்ந்தது. அதற்குள் சகலை அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

"இன்னைக்காவது சொல்லிடறேண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "அன்னைக்கு மூஞ்சிக்கு நேரா டயரு மண்ணுன்னு சொல்லிட்டு, அப்புறம் மனசு கேக்காம நீங்களே பொட்டலம் கட்டி அக்காகிட்ட குடுத்தனுப்புனீங்களாமே. நன்றி சொன்னா உங்களுக்குக் கூச்சமாயிடும், வாயத் தொறக்காதேன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க. மூணு வருஷமா அடக்கி வெச்சிருக்கேன்."

பற்றிய கையை விடாமலே சகலை தொடர்ந்தார்.

"போன வருஷம் இங்க சாப்பிட்டப்போ, என்ன காய் இது, தண்ணியா இருக்குன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அப்பவே இவகிட்ட சொன்னேன். தான் குடுத்தத தானே புகழக் கூடாதுன்னு நெனைக்கிற மனுஷன், அதான் அப்படிச் சொல்றார்னு."

கண்டித்தால் மனைவியின் களவு வெளிப்படும். அதுவாவது போகட்டும், இந்த மனிதர் மூன்றாண்டுகளாக நெஞ்சுக்குள் வைத்துப் போற்றி வந்த பெருந்தன்மையுள்ள ஓர் அண்ணன் அக்கணமே செத்துப்போவான். அந்த அண்ணனை முத்திரையாருக்கும் பிடித்துப்போயிற்று.

"அதெல்லாம் பெரிசா பேசாதீங்க" என்றார். அவர் பணிக்காலத்தில் தெரிந்தே குத்திய முதல் பொய் முத்திரை அது.

சகலை ஒன்றுக்கு ஐந்தாகப் பூப்பறித்து, மகரந்தம் நனையாதிருக்கச் சோற்றுப் பாத்திரம் ஒன்றில் இட்டு மூடினார்; தாமும் உடன் வருவேன் என்று அடம்பிடித்தார். குடை பாத்திரத்துக்குப் பிடிக்கப்பட்டது. இரண்டு சகலைகளும் அதன் இருபுறமும் நனைந்தபடி நடந்தார்கள்.

தோட்டத்தில் மனைவி விளக்கும் குடையுமாகக் காத்திருந்தாள். கணவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு குடையை இன்னும் சற்றுத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைப் பூ முழுதும் விரிந்திருந்தது. முத்திரையார் ஆண்பூவின் இதழ்களை உரித்து, அதன் நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் தடவினார். வலமாக மூன்று முறை, இடமாக மூன்று முறை. பிறகு இரண்டாம் பூ. பிறகு மூன்றாவது.

"போதும்ணே" என்றார் சகலை. "பூ வெக்கப்படுது."

அதன் பிறகு ஐந்து நாள் முத்திரையார் மனைவியிடம் அது பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. சகலை வீட்டில் விதை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தாம் வள்ளலாக நிற்கும் வீட்டில் போய் விதைக்குக் கையேந்துவது எப்படி? தம் கொடியில் ஒரு காய் பிடித்தால் அந்தச் சங்கடம் இராது. காலையும் மாலையும் அளவுகோலோடு போய்ப் பிஞ்சை அளந்தார். முதல் நாள் ஒன்றரை அங்குலம். மூன்றாம் நாள் அதே. நான்காம் நாள் காம்பில் மஞ்சள். ஆறாம் நாள் காலை பிஞ்சு சேற்றில் கிடந்தது. பிற்பகலில் கொடியும் தலை சாய்த்தது.

அன்று முழுதும் அவர் உண்ணவில்லை என்று சொல்ல ஆசைதான். இரண்டு வேளை உண்டார். மூன்றாம் வேளை மட்டும் மோரோடு நிறுத்திக்கொண்டார். பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியின் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

"உன் தங்கச்சி வீடு மட்டுந்தானா?"

பாத்திரத்தின் ஓசை நின்றது.

"இந்த வருஷம் குடுத்ததக் கேக்குறீங்களா, மொத்தமாவா?"

ஒன்பது வீடுகள். விரல் மடக்கி அவள் சொல்லி முடிக்கக் கையிலிருந்த நுரை காய்ந்துவிட்டது. தெருவில் தம்மைக் கண்டால் சிலர் எழுந்து நிற்பது அரசாங்க முத்திரைக்கு அல்லவென்று முத்திரையார் அன்றுதான் அறிந்தார். நெடுநேரம் யோசித்தார். ஒருவரிடம் விதை கேட்டால் அது யாசகம். ஒன்பது வீட்டிலும் போய்ப் பார்த்தால் அதற்குப் பெயர் ஆய்வு. ஆய்வு அவருக்குப் புதிதன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை, அளவுகோலும் குறிப்பேடுமாகக் குடை பிடித்துப் புறப்பட்டார். பால்காரர் வீட்டுக் காய்க்குக் கழுத்து வளைவு. அஞ்சல்காரர் வீட்டில் தலை சப்பை. சகலை வீட்டில் ஏழும் நன்று. ஆனால் ஒன்றிலும் முழு மதிப்பெண் போட மனம் வரவில்லை. மற்ற ஐந்து வீடுகளில் மழை வென்றிருந்தது. அங்கெல்லாம் இறந்த கொடியைக் காட்டி அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அவரும் பெரிய மனதோடு மன்னித்தார். ஒன்பதாவதாகத் தையல்கார அம்மாள் வீடு. சன்னல் கம்பியில் ஏறி, கடைப்பலகைக்கு மேலே நீட்டிய கூரையின் கீழ் நனையாமல் ஒரு காய் தொங்கியது. முத்திரையார் அளந்தார். மறுபடி அளந்தார். ஒன்பதாண்டில் அவர் தோட்டம் அப்படி ஒரு கழுத்தைக் கண்டதில்லை.

"இதப் பறிச்சிடாதீங்க. முத்தட்டும்" என்றார். "எனக்கு இதுலேருந்து இருபது விதை வேணும்."

"உங்க விதைதானே, எடுத்துக்கங்க" என்றாள் அந்த அம்மாள் தையல் இயந்திரத்தை நிறுத்தி. பிறகு தயங்கினாள். "ஒண்ணு கேக்கணும். எங்க அண்ணன் விதை கேட்டு உசிர வாங்குறார். யாருக்கும் தரக் கூடாதுன்னு நீங்க கண்டிப்பா சொல்லியிருக்கறதா உங்க வீட்டம்மா சொன்னாங்க. அதான், தரல. தரலாமா?"

முத்திரையார் குறிப்பேட்டை மூடினார். கூரை விளிம்பிலிருந்து நீர் சரஞ்சரமாக இறங்கிக்கொண்டிருந்தது. தையல்கார அம்மாள் ஊசியை நெடுநேரம் உயரத்திலேயே நிறுத்திக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"ரெண்டு குடுங்க" என்றார் கடைசியில். "மூணு வேண்டாம்."