சிவப்புப் பேனா

மகள் கல்லூரியில் எழுதிய கட்டுரையைக் கையில் வாங்கினேன். தாள் முழுக்கச் சிவப்புக் கோடுகள்.

"என்னாடி, ஒன்னைய வெளிய அனுப்பிட்டாங்களா?"

எனக்குப் பன்னிரண்டு வயதில், தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், கணக்கெழுதும் கிளாக்கர் இப்படித்தான் அப்பா மாரிமுத்துவின் பெயரைச் சிவப்புப் பேனாவால் வெட்டினார். மழையில் நனைந்த கம்பளி நாற, அப்பா வரிசையிலிருந்து விலகி நடந்தார். வேலை போனது. மறுமாதம் நான் கொழும்பில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

மகள் சிரித்தாள். "ஐயோ அம்மா, இது திருத்துறது! தேவையில்லாத வரிய சார் வெட்டிவிட்டாரு, அவ்வளவுதான்."

எழுத்துக்கூட்டி வாசித்தேன். முழுதாக வெட்டுப்பட்ட வரி ஒன்று இருந்தது: 'என் தாத்தா மாரிமுத்து ராகலை மலையில் கொழுந்து மூட்டை சுமந்தவர்.'

"தாத்தா பேரையுமாடி?" என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தாள்.