அஸருக்கு முன் அடக்கம்

எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாத கடதாசியில் நான் வைத்த கையெழுத்துதான் தம்பியைக் கொன்றவர்களை இத்தனை வருடமாக வெளியே உலவ விட்டிருக்கிறது.

தம்பி கடல்தொழில் செய்தவன். வாய் சும்மா இருக்காது. எங்கள் கரையில் கள்ளப் பீடி இலை மூட்டை இறங்கும்போது பொலிஸ் ஜீப் காவலுக்கு நின்றதைக் கண்டதாகத் தேத்தண்ணிக் கடையெல்லாம் சொல்லித் திரிந்தான். வாயைப் பொத்திக்கொண்டு இருக்கச் சொல்லி எத்தனை தரம் ஏசியிருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை கரையில் ஒதுங்கிக் கிடந்தான்.

போய்ப் பார்த்தபோது பொலிஸார் துணியால் மூடியிருந்தார்கள். கடலில் மூழ்கிய சாவு என்றார் சார்ஜன்ட். சந்தேகம் என்றால் வெளியூர் ஆஸ்பத்திரியில் வெட்டிப் பார்க்க வேண்டும், மூன்று நாளாகும். இல்லையென்றால் இந்தச் சிங்களக் கடதாசியில் ஒப்பம் வைத்துவிட்டு இப்போதே கொண்டு போகலாம் என்றார். எனக்குச் சந்தேகம் இல்லாமலா? ஆனால் மையத்தை அடக்காமல் சுணக்கக் கூடாது, உடலை வெட்ட விடக் கூடாது என்று வளர்ந்தவன் நான். அஸர் தொழுகைக்கு முன் அடக்க வேண்டும் என்று உம்மாவும் ஆளுக்கு மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். வைத்தேன்.

குளிப்பாட்டும்போது தலையைத் தாங்கியது நான்தான். பின்மண்டையில் என் விரல்கள் உள்ளே இறங்கின. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டாமா? பாவி, வாயைத் திறக்கவில்லை. அடக்கிவிட்டோம்.

காயத்தைப் பற்றிப் பிறகு, குளிப்பாட்டக் கூட நின்ற ஊரார் சொல்லித்தான் உம்மாவுக்குத் தெரிந்தது. அன்று தொடங்கியவர் எட்டு வருடம் ஓயவில்லை. அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி வழக்கைக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். கூடவே போனேன், கடதாசியைப் பற்றி மூச்சு விடவில்லை. போன வருடம் பொலிஸுக்காக வாதாடிய அப்புக்காத்து அதை எடுத்துத் தமிழில் வாசிக்க வைத்தார். தம்பியின் சாவில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லையாம். கீழே என் பெயர். உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பால் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "கெதியாக் கொண்டு வா எண்டு ஆள் அனுப்பினது நான்தானே மகன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கோட்டுப் பக்கம் போகவில்லை. வழக்கும் படுத்துவிட்டது. இப்போது யாராவது தம்பியைப் பற்றி விசாரித்தால், நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று ஒரு தரம் பார்க்கிறார். இருந்தால், எட்டு வருடம் பொய் என்று சண்டை பிடித்த அதே கதையைத் தன் வாயால் சொல்கிறார்.

"அவனைக் கடல்தான் எடுத்தது."