கம்பம் நிறுத்திய வருஷம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த காலத்துக்குள் என் மகள் பிறந்து, படித்து, வேலைக்குப் போய், அவளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. ஒவ்வொரு கிருத்திகைக்கும் முருகனிடம் சொல்லிக்கொள்வேன், அடுத்த கிருத்திகைக்குள் எழுதிவிடுகிறேன் என்று. அவருக்கும் பழகிப்போயிருக்கும், ஒன்றும் கேட்பதில்லை. நான் எட்டாவதுக்கு மேல் போகாதவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சேதியில் பிழை வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஒரு முறை சூடுபட்டவன்.

என்னை எழுத உட்கார வைத்தது ஒரு நெடி. போன மழைக்கு ஹெப்பகோடியில் என் மகள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், தரைக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடமெல்லாம் தண்ணீர். குடியிருப்புக்குப் பின்னால் தகரக் கொட்டகைகள் இருக்கின்றன. கேட்டில் நிற்கிறவர்களும் வீட்டு வேலைக்கு வருகிறவர்களும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். அவர்கள் அடுப்பு வரைக்கும் தண்ணீர் போய்விட்டது. வடிந்த பிறகு எங்கே பார்த்தாலும் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். நான் கேட்டுக்குள் காலை வைத்ததும் அந்த நெடி மண்டைக்கு ஏறியது.

மேலே போனால் மகள் போனும் கையுமாக நிற்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்துக் குடியிருப்புகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் பெரிய ஓட்டப் பந்தயமாம். பனியன் எல்லாம் அச்சடித்து வந்தாயிற்று. நடத்தலாமா கூடாதா என்று போன் குழுவில் சண்டை.

“கட்டைவிரல் ஓட்டு எடுக்கறாங்கப்பா. பாதிப் பேரு ஓடலாம்ங்கறாங்க. பாதிப் பேரு, ஜனங்க அவஸ்தைப்படறப்ப ஓட்டம் என்ன கேடுங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?”

காப்பியைக் கையில் கொடுத்தாள், அதிலும் பிளீச்சிங் பவுடர் வாசம்தான் அடித்தது. மற்றவர்களுக்கு அது சாக்கடை வாசம், ஆஸ்பத்திரி வாசம். எனக்கு அது வாலிபால் கோர்ட்டின் வாசம்.

அது ஏன் என்று சொல்கிறேன். நான் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த காலம். மெஷின் ஷாப்புகள், பெயிண்ட் கம்பெனி, கார்மெண்ட்ஸ் என்று எல்லா இடத்திலும் தர்மபுரி, திருப்பத்தூர், ஆரணி ஆட்கள். வருஷத்துக்கு ஒரு தரம் மூன்று நாள் வாலிபால் போட்டி நடக்கும். அதற்குப் பெயரே பெரிய ஆட்டம்தான். கோலார், தும்கூர், ஓசூர், கிருஷ்ணகிரி என்று டீம்கள் பஸ் ஏறி வரும். அந்த மூன்று நாளும் எந்த முதலாளியும் ஓவர்டைம் கேட்கமாட்டார், கேட்டாலும் யாருக்கும் காது கேட்காது. எனக்கு வாலிபால் வராது. சர்வீஸ் போட்டால் பந்து என் டீம் ஆள் முதுகில்தான் விழும். ஆனால் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் என்பதால் என்னைச் செக்ரட்டரி ஆக்கிவிட்டார்கள். தலைவர் நிங்கப்பா. ஒர்க்‌ஷாப் வைத்திருந்த கன்னடக்காரர். தமிழ் புரியும், பேச வராது. எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. தமிழ் டீம்களுக்கு நான் கார்டு போடுவேன், கன்னட டீம்களுக்கு அவர்.

ஆனால் பெரிய ஆட்டத்தின் உயிர் நாங்கள் இருவரும் இல்லை, மாரியண்ணன். பெயிண்ட் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். நெட் கட்டும் இரண்டு இரும்புக் கம்பங்களும் அவர் பொறுப்பு. குழி தோண்டி, கம்பம் நட்டு, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவார். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தவனை அப்பன் பெயர் சொல்லித் திட்டுவார். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கம்பத்தை நேராக வைத்ததும், கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுகிற மாதிரி, அவர் சம்சாரம் சரோஜா அக்கா வந்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து மாவிலை கட்டுவார். ஒரு தேங்காய் உடைபடும். அதற்குப் பிறகுதான் பந்து மேலே போகும். நான் அந்த நேரத்தில் கந்தனுக்கு ஒரு வரி பாடுவேன். பையன்கள் “சீக்கிரம் முடிங்க சாமி” என்பார்கள். சாமி என்பது என் நெற்றித் திருநீற்றுக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர்.

அந்த வருஷம் ஆட்டத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது விடாத மழை. நாலாம் நாள் பட்டப்பகலில், ஷிப்ட் மாறும் சங்கு ஊதுகிற நேரத்தில், ஏரிக்கரை உடைந்தது. கரைக்குக் கீழே ஒரு தகர ஷெட்டில்தான் கம்பமும் நெட்டும் இருந்தன. மாரியண்ணன் ஓடிப்போய் இரண்டு கம்பங்களையும் ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து மேட்டில் கொண்டுவந்து போட்டார். நெட்டுக்காக மறுபடியும் இறங்கினார். “வுடுண்ணா, நெட்டு போனா போவுது” என்று எங்கள் ஷூட்டர் பாபு கத்தியிருக்கிறான். அவர் திரும்பி வரவில்லை. நெட் மறுநாள் ஒரு முள்வேலியில் மாட்டிக்கொண்டு கிடைத்தது. அவர் அதற்கும் மறுநாள் கிடைத்தார்.

அவர் குடியிருந்த வரிசையில் ஒரு வீடும் மிஞ்சவில்லை. எல்லாரையும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். பதினாறாம் நாள் காரியமும் அங்கேயே நடந்தது. அது முடிந்த மறுநாள் டீக்கடை வாசலில் பேச்சு எழுந்தது. பெரிய ஆட்டம் நடத்துவதா, இல்லையா.

“பொணம் போன எடத்துல பந்து போவுமா?” என்றார் ஒரு பெரியவர்.

“நாம ஆடலன்னா ஏரி தண்ணிய திருப்பி வாங்கிக்குமா?” என்றான் பாபு. “நாலு ஊரு ஜனம் வந்தா நம்ம நெலமையப் பாப்பாங்க. யாரும் வரலன்னா, நாம செத்தமா பொழச்சமான்னு கூட எவனுக்கும் தெரியாது.”

“உனக்குக் கை அரிக்குது, அதச் சொல்லு.”

“அரிக்குதுதான். அழுவறதுக்கும் ஒரு வேலை வேணும்லண்ணா.”

மாரியண்ணன் இல்லாமல் அந்தக் கோர்ட்டைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. அதை நான் பக்தி என்று நினைத்துக்கொண்டேன். பயம்தான். கடைசியில் நிங்கப்பா, சரோஜா அக்கா என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு என்று சொல்லி, கேட்டு வர என்னை அனுப்பினார். செக்ரட்டரி இல்லையா.

பள்ளிக்கூடத்துக் குழாயடியில் அக்கா மாரியண்ணனின் காக்கிக் கால்சட்டையை அலசிக்கொண்டிருந்தார். எத்தனை தரம் முக்கி எடுத்தாலும் செம்மண் தண்ணீர்தான் வந்தது.

“சாப்டியா தம்பி?”

“சாப்டேன்க்கா.”

“பொய் சொல்லாத. மூஞ்சியப் பாத்தா தெரியுது.”

பள்ளிக்கூட மணியை யாரோ சோற்றுக்காக அடித்தார்கள். நான் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றேன்.

“நிங்கப்பண்ணா அனுப்பிச்சாருக்கா. இந்த வருஷம்... கம்பம்...”

அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அக்கா கால்சட்டையை ஒரு முறை பிழிந்தார். நிமிரவில்லை.

“நிறுத்துங்க” என்றார்.

அவ்வளவுதான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. முருகா என்று சொல்லிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டேன். நிங்கப்பா வாசலிலேயே நின்றிருந்தார். “ஏனந்த்ரு?” என்றார். என்ன சொன்னாங்க என்று அர்த்தம்.

“ஆட்ட நில்லிசி அந்த்ரு” என்றேன். ஆட்டத்தை நிறுத்தச் சொன்னாங்க என்று.

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அன்று சாயங்காலமே நான் உட்கார்ந்து தமிழ் டீம்களுக்கெல்லாம் கார்டு எழுதினேன். ‘போட்டி நிறுத்தப்பட்டது.’ முத்து முத்தான எழுத்து.

ஆட்டம் தொடங்க வேண்டிய நாள் காலையில் நானும் நிங்கப்பாவும் பாபுவும் மைதானத்தில் நின்றிருந்தோம். மழையில் தபால் தாமதமாகிறது, கார்டு கிடைக்காத டீம் ஏதாவது வந்தால் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டுமே. நினைத்த மாதிரியே ஓசூர் டீம் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. “என்னண்ணா, கம்பத்தையே காணோம்?” என்று கேட்டார்கள். நான் ஆரம்பித்து முடிப்பதற்குள் பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து சரோஜா அக்கா வந்தார். குளித்திருந்தார். கையில் தட்டு. தட்டில் மஞ்சள், குங்குமம், மாவிலை, ஒரு தேங்காய்.

மைதானத்தை ஒரு சுற்று பார்த்தார். “எங்க தம்பி கம்பம்?”

“நீங்கதானக்கா நிறுத்தச் சொன்னீங்க?”

“ஆமா, நிறுத்தத்தான் சொன்னேன். கம்பத்த. நீ என்னத்த நெனச்ச?”

“ஆட்டத்தன்னு...”

“ஆட்டத்தப் பத்தி நீ வாயே தொறக்கலியே தம்பி.”

நிங்கப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீனு ‘ஆட்ட’ அந்தெ” என்றார். நீ ஆட்டம் என்றுதானே சொன்னாய். கோபமே இல்லாமல்தான் சொன்னார். அதுதான் இன்னும் குத்துகிறது.

யோசித்துப் பாருங்கள். ஓடுவதை நிறுத்துவதும் நிறுத்துவதுதான், படுத்துக் கிடப்பதைத் தூக்கி நேராக வைப்பதும் நிறுத்துவதுதான். தமிழில்தான் இப்படி என்றால் கன்னடத்திலும் அப்படியேதான். அக்கா சொன்ன ஒற்றை வார்த்தையை அப்படியே கொண்டுபோய் ‘நில்லிசி’ என்று கொடுத்திருந்தால், “ஏனு நில்லிசோது?” என்று, எதை நிறுத்துவது என்று, நிங்கப்பா ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார். நான் அக்கா சொல்லாத ஒரு வார்த்தையை முன்னால் ஒட்டிக் கொடுத்தேன். அது என் மனசில் இருந்த வார்த்தை.

அக்கா தட்டைக் கீழே வைக்கவே இல்லை. “அந்த ரெண்டு கம்பத்தயும் மேட்டுல கொண்டாந்து போட்டுட்டுத்தானே மறுபடியும் போனாரு. அது அப்படியே படுத்துக் கெடந்தா, அவரு எதுக்குப் போனாரு?” என்றார். குரல் உயரவில்லை.

அதற்கு மேல் யாரும் யாரையும் கேட்கவில்லை. நிங்கப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் போட்டு வைத்திருந்த கம்பங்களைக் கொண்டுவர பாபு ஓடினான். ஓசூர்ப் பையன்கள் வேட்டியை மடித்துக் கட்டிக் குழியில் அடைத்திருந்த வண்டலை அள்ளினார்கள். முள் கிழித்த நெட்டைச் சணல் போட்டுத் தைத்தோம். கம்பம் நேரானது. தாலி இறக்கிய கையால் மஞ்சள் பூசலாமா என்று ஒரு முணுமுணுப்பு பின்னால் எழுந்தது. அக்கா காதில் அது விழுந்துவிட்டது.

“வழக்கமெல்லாம் எனக்கும் தெரியும்ங்க” என்று சொல்லிக்கொண்டே மஞ்சளைக் குழைத்தார். அவரேதான் பூசினார். நான் கந்தனுக்கு ஒரு வரி பாட வாய் திறந்தேன், பாட்டு மறந்துபோயிற்று. அன்று என்னை யாரும் சீக்கிரம் முடிக்கச் சொல்லவில்லை.

கோடு போடச் சுண்ணாம்பு இல்லை, எல்லாம் ஏரியோடு போயிருந்தது. வெள்ளத்துக்காக வந்த பிளீச்சிங் பவுடர் மூட்டை பள்ளிக்கூடத்தில் இருந்தது. அதில்தான் கோடு போட்டோம். நான் போட்டது கோணல். திட்ட ஆள் இல்லை. வெயில் ஏறியதும் நெடி கிளம்பி எல்லார் கண்ணிலும் தண்ணீர். அன்று அழ வேண்டியவர்களுக்கெல்லாம் நல்ல சாக்கு கிடைத்தது. நாங்கள் தோற்றோம். பாபு அடித்த கடைசிப் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒரு மணி நேரம் சண்டை. அதுவும் என் கோணல் கோட்டால்தான். அக்கா கல்லின் மேல் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். “உள்ள தான்பா” என்று அவர் சொன்னதை ஓசூர்க்காரர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், புள்ளியைக் கொடுக்கவில்லை.

பெரிய ஆட்டம் அதோடு சரி. மறு வருஷம் கார்டு போட்டேன். முக்கால்வாசி டீம்கள் வேறு ஊர்ப் போட்டிக்கு ஒப்புக்கொண்டுவிட்டிருந்தன. “நிறுத்தியாச்சுன்னுதானே எழுதியிருந்தீங்க, ஒரேயடியா நிறுத்திட்டீங்கன்னு நெனச்சோம்” என்று கிருஷ்ணகிரியிலிருந்து பதில் வந்தது. தள்ளிவைக்கப்பட்டது என்று எழுத எட்டாவது படித்த எனக்குத் தோன்றாமல் போயிற்று. மைதானம் இன்று ஒரு கிடங்கு, லாரிகள் பின்பக்கமாகவே உள்ளே போகின்றன. ஏரி இருந்த இடத்தில் இரண்டு தெருக்கள் இருக்கின்றன. நிங்கப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கம்பங்கள் என்ன ஆயின என்று தெரியவில்லை. அக்கா ஆரணிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

எனக்கு ஒன்று மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. குழாயடியில் அன்று அக்கா நிஜமாகவே கம்பத்தைத்தான் சொன்னாரா? இல்லை, ஆட்டத்தை நிறுத்தத்தான் சொல்லி, நாளாக ஆக மனசு மாறி, அந்த வார்த்தையின் இன்னொரு பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாரா? பிழிந்துகொண்டிருந்த துணியோடு அவர் முகத்தையும் அன்று நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஆரணிக்குப் போய்க் கேட்டுவிடலாம் என்று பல தடவை பஸ் ஸ்டாண்டு வரை போயிருக்கிறேன்.

மகளிடம் கடைசியில் இதைத்தான் சொன்னேன். “கட்டைவிரல எடு. பின்னாடி கொட்டகைக்குப் போய்க் கேளு. முழுசா கேளு. அவங்க சொல்றத ஒரு எழுத்து கூட்டாம எழுது.” போனாள். “ஓடுங்கம்மா, யாரு வேணான்னது. ஆனா துணி காயப்போட்ட பக்கம் மட்டும் வராதீங்க” என்றார்களாம். அப்படியே எழுதிப் போட்டாள். சண்டை அடங்கிவிட்டது.

இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொல்வதாக இருந்தால், தாராளமாகச் சொல்லுங்கள். ஆரணிப் பக்கம் உறவு இருக்கிறவர்கள் கட்டாயம் சொல்லுங்கள், எப்படியாவது அக்கா காதுக்குப் போகட்டும். ஆனால் அக்கா ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார் என்றும் சொல்லாதீர்கள், கம்பத்தை நிறுத்தச் சொன்னார் என்றும் சொல்லாதீர்கள். துணியைப் பிழிந்தார், நிறுத்துங்க என்றார். அதோடு விட்டுவிடுங்கள்.