வலது கன்னத்து வெயில்

சுதாகரன் எதையும் இரண்டு தரம் பார்ப்பவர். டீசல் அடிக்கும்போது பஸ்ஸை விட்டு இறங்கி மீற்றருக்கு முன்னால் போய் நிற்பார். தேத்தண்ணிக் கடையில் பாலை மணந்து பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். தலையிடி என்றதும் யாராவது பனடோல் நீட்டினால், அட்டையைத் திருப்பித் திகதி பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கொடுத்துவிடுவார். தர்மபுரத்தில் பிறந்து, இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, லொறி ஓடி, கலியாணம் முடித்து ஓமந்தையில் குடியேறியவர். இவ்வளவுக்குள்ளும் தான் ஏமாறாமல் தப்பியது இந்தக் குணத்தால்தான் என்று அவர் நம்பினார். அவர் நம்புகிற ஒரே விடயம் அதுதான் என்று மனைவி அருந்ததி சொல்வார்.

வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஓடும் தனியார் பஸ் ஒன்றில் அவர் சாரதி. அவருடைய முகத்தின் வலப்பக்கம் மட்டும் கறுத்து, காய்ந்து, சொரசொரத்துப் போயிருந்ததை முதலில் கண்டவர் சலூன்காரர்.

"அண்ணை, இந்தக் கன்னம் வேற ஆளின்ர கன்னம் மாதிரிக் கிடக்கு."

சுதாகரன் சலூன்காரரின் கத்தியைச் சந்தேகித்தார். சலூனை மாற்றினார். கன்னம் மாறவில்லை. அது எரியவும் தொடங்கிய பிறகுதான் வவுனியாவில் தோல் கிளினிக்குக்குப் போனார்.

அங்கிருந்த டொக்டர் இளம்பெண். கன்னத்தை வெளிச்சம் பிடித்துப் பார்த்துவிட்டு, பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றார். பிறகு, எந்த நேரம் எந்தப் பாதையில் பஸ் ஓடுகிறீர்கள் என்று விசாரித்தார்.

"காலமை இஞ்சயிருந்து கிளிநொச்சிக்கு. பின்னேரம் திரும்பி வாறன்."

"காலமை வடக்க போகேக்க கிழக்கு உங்கட வலப்பக்கம். பின்னேரம் தெற்க வரேக்க மேற்கும் உங்கட வலப்பக்கம்தான். நாள் முழுக்க வெயில் உங்கட யன்னலாலதான் வருது, ஐயா."

"அப்ப கண்ணாடியைப் பூட்டினாச் சரிதானே?"

"காணாது. சூடு குறைஞ்ச மாதிரி இருக்கும். தோலைக் கறுப்பாக்கிற பங்கு கண்ணாடிக்குள்ளாலயும் வரும்."

வெயிலுக்குப் பாதுகாப்பும் தோலுக்கு ஈரப்பிடிப்பும் சேர்த்துத் தரும் கிறீம் ஒன்றை வாங்கச் சொன்னார் டொக்டர். எஸ்.பி.எஃப் முப்பதுக்குக் குறையக்கூடாது, மணம் போடாததாக இருக்க வேண்டும், காலையில் ஒரு தரமும் திரும்பி வெளிக்கிட முதல் இன்னொரு தரமும் பூச வேண்டும்.

சுதாகரன் படியிறங்கும்போதே யோசித்தார். குளிசை இல்லை, ஊசி இல்லை, கிறீமாம். அதிலும் இரண்டு தரமாம். கொம்பனிக்காரனுக்கு விற்றுக் கொடுக்கத்தானே இது?

அவருடைய பயத்துக்குக் காரணமும் இருந்தது. அவரின் மச்சாள் சிவரூபி, போனில் விளம்பரம் பார்த்து, பேரில்லாத ஒரு டப்பாவில் வந்த கிறீமைப் பூசினார். சில கிழமை முகம் வெளுத்தது. எல்லாரும் கேட்டு வாங்கினார்கள். அதன் பிறகு சிவரூபியின் முகம் சிவந்து தோல் உரிந்தது. வெயிலில் தலை காட்ட முடியாமல் முக்காடு போட்டுக்கொண்டு திரிந்தார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பாறூக்கின் பார்மசி இருந்தது. பாறூக் மூன்று கிறீம்களை எடுத்து வைத்தார். முதலாவது பெட்டியில் வெள்ளையாக்கும் என்று எழுதியிருந்தது. சுதாகரன் அதை விரலால் தள்ளிவிட்டார். இரண்டாவதைப் பாறூக் அவருடைய புறங்கையில் பூசிக் காட்ட, கறுத்த கையில் அது சாம்பலாக நின்றது. மூன்றாவது தேய்க்கத் தேய்க்கத் தோலுக்குள் போய்விட்டது. அதன் பெட்டியைச் சுதாகரன் வெளிச்சத்தில் பிடித்தார். தயாரித்த இடம், முடிவுத் திகதி, ரியூப்பின் வாயில் ஒட்டிய வெள்ளித்தாள் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்.

"முடிவுத் திகதிக்கு மேல ஸ்ரிக்கர் ஒட்டேல்லைத்தானே?"

பாறூக் சிரித்தார். "அண்ணை, நீங்கள் கிறீம் வாங்க வந்தனீங்களோ, வழக்குப் போட வந்தனீங்களோ?"

வாங்கியதை உடனே முகத்தில் பூசிவிடவில்லை. முதலில் முழங்கைக்கு உள்பக்கம் பூசிப் பல நாள் பார்த்தார். பிறகு காதுக்குக் கீழே. ஒன்றும் நடக்கவில்லை, அதுவும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. கடைசியில் முகத்துக்கு வந்தார். டொக்டர் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கச் சொல்லியிருந்தார். இவர் ஒரு சொட்டு எடுத்தார்.

அப்படிப் பூசிக்கொண்டு போன முதல் நாளே கொண்டக்டர் தர்சன் கண்டுவிட்டார்.

"என்ன அண்ணை, முகம் மினுங்குது? ஏதும் விசேசமோ?"

"வேர்வை," என்றார் சுதாகரன்.

சூடான இடத்தில் வைக்கக்கூடாது என்று பெட்டியில் போட்டிருந்ததால் கிறீமைப் பஸ்ஸில் வைக்கவில்லை. அலுமாரியில் தன் சேட்டுகளுக்குக் கீழே ஒளித்து வைத்தார். விடிய அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பூசினார். மத்தியானப் பூச்சை விட்டுவிட்டார். ஐம்பதை நெருங்கும் ஆம்பிளை கிறீம் பூசுகிறான் என்று வீட்டில் தெரிவதில் அவருக்கு வெட்கம்.

நாள் போகப் போக ரியூப் மெலிந்தது. ஒரு சொட்டு எடுத்தால் இப்படி மெலியாது. அவர் அதைக் கொண்டு பாறூக்கிடம் போனார்.

"உள்ளுக்குக் காத்தடைச்சு வித்திருக்கிறாங்கள்."

பாறூக் ரியூப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அண்ணை, வீட்டில வேற ஆக்கள் இல்லையோ?"

அந்தக் கேள்வி அவரோடு வீடு வரைக்கும் வந்தது. மகள் கிருசாந்தி உயர்தரம் படிக்கிறாள். திடீரென்று கிறீம் பூச அவளுக்கு என்ன வந்தது? யாருக்காக? ரியூஷன் விடும் நேரத்தில் ஒருநாள் ஒழுங்கை முனையில் போய் நின்றார். மகள் தோழிகளோடு சைக்கிளில் வந்தாள். அவரைக் கண்டு பயந்துபோய், "என்னப்பா, அம்மாக்கு ஏதுமோ?" என்று கேட்டாள். வீட்டில் வைத்து ரியூப்பை அவளிடம் காட்டினார். அவள் மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"வாசமே இல்லை. எனக்கென்னத்துக்கு இது? என்னட்ட நல்லது கிடக்கு."

மகள் பொய் சொல்கிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தார்.

அடுத்த கிழமை பஸ் பழுதாகிக் கராஜில் நின்றது. சுதாகரன் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். வீட்டுக்குப் பின்னால் கச்சான் தோட்டத்தில் அருந்ததி தலையில் துவாய் கட்டிக்கொண்டு குனிந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது நெற்றி ஓரத்தில், துவாயை ஒட்டி, சரியாகத் தேய்க்காத வெள்ளைக் கோடொன்று தெரிந்தது.

"நீயோ?"

"ஓம். நான்தான்."

"கேட்டு எடுத்திருக்கலாமே?"

"நீங்கள் சொல்லிப் பூசினனீங்களோ? பவுடரும் போடாத மனுசன் சேட்டுக்குக் கீழ கிறீமை ஒளிச்சு வச்சா நான் என்னத்தை நினைக்கிறது? முதல் கோவத்திலதான் எடுத்தனான், முடிச்சு விடுவம் எண்டு. பிறகு வெயிலுக்குள்ள நிக்கேக்க கொஞ்சம் எரிவு குறைஞ்ச மாதிரிக் கிடந்துது."

சுதாகரன் கிட்டப் போனார். வெளிச்சத்தில் அருந்ததியின் முகத்தை அவர் பார்த்து எவ்வளவோ காலம். விடிய இருட்டோடு போய் இருட்டோடு வருகிறவர். இரண்டு கன்னத்திலும், மூக்கின் மேலும், மேலுதட்டிலும் கருமை படையாகப் பிடித்திருந்தது.

"இது எப்ப வந்தது?"

"கிருசாந்தி வயித்தில இருக்கேக்க."

"ஏன் சொல்லேல்லை?"

"முகத்தில இருக்கிறதை என்னெண்டு சொல்லுறது?" என்று அருந்ததி மறுபடியும் குனிந்து புல்லைப் பிடுங்கினார்.

அடுத்த கிளினிக்குக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். அருந்ததியின் படை மெதுவாகத்தான் மங்கும், முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது, வெயிலை மறிக்காவிட்டால் வேறு எந்த மருந்தும் வேலை செய்யாது என்றார் டொக்டர். ஒரு சொட்டு, ஒரு பூச்சு என்று மிச்சம் பிடித்ததற்காகச் சுதாகரனுக்கு நல்ல பேச்சு விழுந்தது. ஆனாலும் எரிவு குறைந்திருந்தது. பாறூக்கிடம் ஆளுக்கொரு ரியூப் வாங்கினார்கள். இரண்டின் திகதியையும் சுதாகரன்தான் பார்த்தார். கூடவே அகன்ற விளிம்பு வைத்த தொப்பியொன்றும் அருந்ததிக்கு வாங்கினார்.

திரும்பி வரும்போது, வேறொருவர் ஓட்டிய பஸ்ஸில், அருந்ததி மெல்லச் சிரித்தார்.

"உங்கட தர்சனிட்ட நான் ஒருக்கா விசாரிச்சனான், தெரியுமோ?"

"என்னெண்டு?"

"உங்கட சீற்றுக்குப் பின்னால நெடுக வந்து இருக்கிறவள் ஆரெண்டு."

"அவன் என்ன சொன்னவன்?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லையக்கா, அண்ணைக்கு வேர்வைதான் கூட எண்டு சொன்னவன்."

சுதாகரன் சிரிக்கவில்லை. அருந்ததி விசாரித்ததைப் பற்றித் தன்னிடம் ஒரு சொல் சொல்லாமல் ரிக்கற் கிழித்துக்கொண்டிருந்த தர்சனைப் பற்றி யோசித்தபடி, ஓமந்தை வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.