அக்கா தெரிவு செய்த சைக்கிள்

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் உங்கள் கைகளுக்கு வரும் இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி உறவினர்கள் என்னைக் கேட்டார்கள். நான் அவருடைய ஒரே தங்கை. அவருடைய நற்குணங்களை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நான் எழுதுவதில் என் குணக்கேடும் கொஞ்சம் கலந்திருக்கும். அதை மறைத்தால் அக்காவைப் பற்றி எழுதியதாக இராது.

நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்த அப்பாவுக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். பன்னிரண்டு வருடங்கள் கழித்து நான். அம்மா இளவயதிலேயே இறந்துவிட்டதால் எனக்குச் சோறு தந்ததும், தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அக்காதான். படித்துக் குடும்பநல மாதுவாக வேலைக்குச் சேர்ந்த பிறகு, சுன்னாகம் பக்கத்துத் தோட்டக் கிராமங்களில் கர்ப்பிணிகளைக் கவனிக்கவும் பிரசவம் பார்க்கவும் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் போய்வந்தார். அவர் திருமணம் செய்யவில்லை.

யுத்தத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது மூட்டைகள் கட்டிய சைக்கிளை அக்கா உருட்டினார். அப்பா அதன் கரியரைப் பிடித்தபடி தென்மராட்சி வரை நடந்தார். "மூத்தவள் இருக்கிறாள், எனக்கென்ன பயம்" என்று வழியில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார். பக்கத்தில் அரிசிப் பையைச் சுமந்துகொண்டு நானும்தான் நடந்தேன். என்னைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன அந்தத் தெருவில் எனக்கு அக்கா மேல் எரிச்சல் வந்தது.

பின்னர் ஆசிரியர் ஒருவரைத் திருமணம் செய்து, அவருடைய வேலை காரணமாகப் பண்டாரவளைக்குப் போனேன். அங்கே என்னை இன்னாருடைய தங்கை என்று எவரும் சொல்லமாட்டார்கள் என்பதில் எனக்கு இரகசியமாக ஒரு நிம்மதி. அதுவும் நிலைக்கவில்லை. விடுமுறைக்கு விடுமுறை அக்கா வந்தார். என் மகள் அவரோடு ஒட்டிக்கொண்டாள். என்னிடம் சொல்லாத பள்ளிக்கூடக் கதைகளைப் பெரியம்மாவிடம் சொன்னாள்.

மகளுக்குப் பதினான்கு வயதானபோது, காலை பஸ்ஸில் ஏற இடம் கிடைக்காமல் அடிக்கடி பிந்திப் போனாள். சைக்கிள் வாங்கிக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஏறக்குறைய முழுக்க ஏற்றம். மலைப்பாதைக்கு ஏற்றது என்று கடைக்காரர் சொன்ன, தடித்த டயரும் முன்பக்கம் ஸ்பிரிங்கும் உள்ள பெரிய சைக்கிளை நான் பார்த்து வைத்தேன். மகளுக்கும் பிடித்திருந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா வந்து இறங்கினார்.

மூவரும் கடைக்குப் போனோம். அக்கா சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டு மகளிடம், "பிள்ளை, உந்தச் சைக்கிளை ஒருக்காத் தூக்கிக் காட்டு" என்றார். முன்சில்லு மட்டும்தான் கிளம்பியது.

"அக்கா, உங்களுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? நீர்வேலியிலை மதகைத் தவிர வேறை ஏத்தம் கண்டனீங்களோ?" என்றேன். கடைக்காரர் சிரித்தார். அக்கா கோபிக்கவில்லை.

"தெரியாதுதான். அப்ப நடந்து பாப்பம்."

அடுத்த மூன்று நாளும் காலையில் குடையை எடுத்துக்கொண்டு, மகளோடு பள்ளிக்கூடம் வரை நடந்தார். எங்கே மூச்சு முட்டும், எங்கே இறங்கி உருட்ட வேண்டும், மழையில் எந்த வளைவு வழுக்கும் என்று இருவரும் கதைத்துக்கொண்டு போவதை நான் குசினி யன்னலால் பார்த்தேன். பெற்றவள் நான் இருக்க, என் பிள்ளையின் வழியை அளக்க இவர் யார் என்று நெஞ்சு எரிந்தது.

மூன்றாம் நாள் திரும்பி வந்தவர் வாசற்படியிலேயே இருந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் கொடுத்தேன். கொடுக்கும்போது, "ஆருக்குக் காட்ட உந்த ஓட்டம்? வயசைப் பாக்க வேண்டாமே?" என்றேன். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பித் தந்தார்.

அன்று பின்னேரம் அவர் தெரிவு செய்தது மெலிந்த, பாரமில்லாத ஒரு சைக்கிள். பின்சில்லில், ஏற்றத்தில் மிதிப்பதை இலேசாக்கும் பெரிய பல்லுச்சக்கரம். இருந்தபடியே இரண்டு காலும் நிலத்தில் ஊன்றும் உயரம். வெள்ளைச் சீருடையில் சேறு படாமல் மட்கார்ட், புத்தகப் பைக்குக் கரியர். பிரேக்கை மட்டும் நெடுநேரம் சோதித்தார்.

"ஏத்தத்திலை ஏலாட்டி இறங்கி உருட்டலாம். இறக்கத்திலை பிரேக் பிடிக்காட்டி என்ன செய்யிறது?"

"பெரியம்மா சொல்லுறதுதான் சரி, அம்மா" என்றாள் மகள். நான் அக்காவோடு இரண்டு மாதம் தொலைபேசியில் கதைக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள், இறக்கத்தில் திரும்பிய லொறி ஒன்றுக்கு முன்னால் மகள் பிரேக் பிடித்து, இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். வீட்டுக்கு வந்தவள் முதலில் தொலைபேசி எடுத்தது நீர்வேலிக்கு, பெரியம்மாவுக்கு. நான் அறை வாசலில் நின்று கேட்டேன். பிள்ளை உயிரோடு வந்திருக்கிறாள். எனக்கோ, முதலில் என்னிடம் சொல்லவில்லையே என்ற பொறாமை.

அதே வருடம் அக்காவுக்கு இருதய வால்வில் நோய் என்று தெரிய வந்தது. வெகுகாலமாக இருந்திருக்கிறது என்றும், மலை ஏறியதால் வந்ததல்ல என்றும் டாக்டர் சொன்னார். ஆனாலும் வாசற்படியில் நான் சொன்ன வார்த்தை என்னை விடவில்லை. கடைசி நாட்களில் தெல்லிப்பழையில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"எனக்குத் தெரியுமடி" என்றார் அக்கா. "நீ எரியிறதைப் பாத்தால் எனக்கு ஒரு சந்தோசம். அதுக்காகவே ஒவ்வொரு முறையும் ரெண்டு நாள் கூட நிண்டனான்."

இருவரும் சிரித்தோம். தாதி வந்து அதட்டினார். அதற்கு நான்காம் நாள் விடியற்காலை அக்கா அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவை இரவுபகலாகப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், தங்கள் பிறப்பைப் பார்த்தவர் என்று சொல்லிப் பாடை சுமக்க முன்வந்த இளைஞர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செத்தவீட்டுக்கு வந்த உங்களில் பலர் என் மகளை அக்காவின் மகள் என்று நினைத்து, அவளுடைய கையைப் பிடித்து ஆறுதல் சொன்னீர்கள். அவளும் "ஓம்" என்று தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதும் பொறாமைதான். ஆனாலும் நான் உங்களைத் திருத்தவில்லை. அந்த ஆறுதலுக்கும் நன்றி.